ஈப்பெட்டி பிறந்த கதை

நுழைவுத் தேர்வுக்குக் கணக்குப் போட்டவர்களுக்கு ‘ஹால் அண்ட் நைட்’ அல்ஜீப்ரா புத்தகம் தெரிந்திருக்கும். அந்த ஹால், இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த ஹென்றி சின்க்ளேர் ஹால். தூண்டில் பித்தர். டிரவுட் மீன் பிடிப்பவர்களின் சட்டைப்பையில் இருக்கும் சின்னஞ்சிறு பெட்டி உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு.

டிரவுட்டுக்கு மண்புழுதான் வேண்டும் என்பதில்லை. தூண்டில் முள்மேல் இறகும் நூலும் சுற்றி, ஈயைப்போலச் செய்து காட்டியே ஏமாற்றிவிடலாம். பழைய காலத்து ஈக்கள் நீருக்குள் முங்கிப் போகிறவை. முள்ளுக்குக் காது கிடையாது; பட்டுப்புழுவிலிருந்து இழுத்த நரம்பை முள்ளின் தண்டோடு சேர்த்துக் கட்டித்தான் ஈயையே செய்தார்கள். நரம்பு வாலாக நீளும் அந்த ஈக்களுக்குத் தோல் பர்ஸ் போதும். கம்பளித் துண்டுகளுக்கு நடுவே செருகி மடித்துவிடலாம். நசுங்கினாலும் நஷ்டம் பெரிதில்லை, எப்படியும் நனையப் போகிறவைதானே!

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஹாம்ப்ஷயரின் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் ஆட்டம் மாறியது. தெளிந்த நீர். மிதந்துவரும் பூச்சியை டிரவுட் எழும்பி விழுங்குவது கரையிலிருந்தே தெரியும். அதற்கு மிதக்கும் ஈ வேண்டும்: ‘டிரை ஃப்ளை’. சேவலின் கழுத்து இறகை முள்ளைச் சுற்றி விறைப்பாகச் சிலிர்க்கவிட்டால், அதன் இழைகள் நீர்ப்பரப்பில் ஊன்றி ஈயைத் தாங்கும். நனைந்தால் காற்றில் நாலு வீச்சு வீசி உலர்த்துவார்கள். அங்கேதான் வினை. ஈயின் தலையருகே நரம்பு திரும்பத் திரும்ப மடங்கி இற்றுப்போகும். நரம்பு போனால் ஈயும் போச்சு.

1870களின் இறுதியில் ஹாலும் ஜார்ஜ் பேங்கார்ட்டும் மெல்லிய கம்பியில் காதுவைத்த சிறு முள்ளை உருவாக்கினார்கள். இற்ற நரம்பை வெட்டிவிட்டு மறுபடி முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். 1886இல் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்ட் மிதக்கும் ஈக்களைப் பற்றி எழுதிய நூல் இந்த முறையை ஊரெங்கும் கொண்டுபோனது.

வால் போனதும் ஈ உதிரியாகிவிட்டது. பர்ஸில் செருகினால் இழை மடங்கும். மடங்கிய ஈ சரியாக மிதக்காது. இனி பெட்டிதான் வழி. வால்சால் நகரில் 1860இல் தொடங்கிய ரிச்சர்ட் வீட்லி நிறுவனத்தின் உலோகப் பெட்டிகள் இதில் பெயரெடுத்தன. உள்ளே பார்த்தால் அஞ்சறைப் பெட்டிதான். ஆனால் ஒவ்வோர் அறைக்கும் ஒளிபுகும் தனி மூடி, அதற்கு ஸ்பிரிங். தட்டினால் அந்த அறை மட்டும் திறக்கும். ஈக்கு எடையே கிடையாது. எல்லா அறையும் ஒன்றாகத் திறந்தால் ஒரு காற்றில் மொத்தமும் ஆற்றோடு போய்விடும்.

பிறகு பிளாஸ்டிக் வந்தது, காந்தம் வந்தது, கீறல் போட்ட நுரைத்தகடும் வந்தது. காந்தம் பொடி ஈக்களைச் சிதறாமல் பிடிக்கும், ஆனால் முள்ளைத் தரையோடு இழுத்து இழையை வளைத்துவிடலாம். மேடு மேடாக வார்த்த நுரையில் செருகினால் இழை அந்தரத்தில் நிற்கும். ஆழமான அறையில் பொடி ஈக்களைக் கொட்டினால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஈரத்தோடு மூடினால் எந்தப் பெட்டியிலும் முள் துருப்பிடிக்கும்.

கடையில் பெட்டியின் மேல் எத்தனை ஈ பிடிக்கும் என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி வாங்குவதைவிட, ஓர் ஈயை உள்ளே வைத்து மூடிப் பார்ப்பது மேல். இழை எதிலும் இடிக்கவில்லை என்றால் அதுவே நல்ல பெட்டி.