ஆரணியில் கறுத்த மினுக்கு

பட்டுப்புடவைக் கடைக்காரர் எவரும் கேட்க விரும்பாத புகார் ஒன்று உண்டு: "ஜரிகை கறுத்துப்போச்சு." கல்யாணத்துக்கு எடுத்த புடவையை நாலு வருஷம் கழித்து பீரோவிலிருந்து எடுத்துப் பிரித்தால், கரையில் பொன்னாக மின்னியது கரியேறிக் கிடக்கும். கடைக்காரர் ஜரிகை வியாபாரியைக் கைகாட்டுவார், அவர் ஜரிகை தயாராகும் சூரத்தைக் கைகாட்டுவார். ஆரணி மாதிரியான பட்டு ஊருக்கு இந்தப் புகார் புதிதல்ல. புதிது என்னவென்றால், அந்தப் புடவைக் கட்டுகளையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிச் செல்கிற பிக்கப் வண்டிகளின் முகப்பில் பளபளக்கும் குரோம் எம்ப்ளத்தை, வண்டிக்காரரே காசு கொடுத்துக் கறுப்பாக்கிக்கொள்வது. இரண்டுமே உலோக மினுக்கு கறுக்கிற கதைதான். ஒன்று தானாகக் கறுத்தது, மற்றொன்று வேண்டிக் கறுத்தது.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணிக்குப் போர்ச் சரித்திரம் உண்டு. 1751 டிசம்பரில் கிளைவின் படை இங்கே வென்றது. 1782 ஜூனில் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். மராட்டிய ஜாகீர்தார்கள் ஆண்ட ஊர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் ஆரணியின் பெயரைச் சொன்னால், போருக்கு அடுத்தபடியாக அவர்கள் நினைவுக்கு வந்தது மெல்லிய பருத்தி மஸ்லின். ஒரு துளி உலோகம் இல்லாத துணி அது. பட்டும் ஜரிகையும் ஆரணியின் அடையாளமானது பின்னால்தான். இன்று தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, சேவூர் என்று சுற்றுவட்டார ஊர்களெல்லாம் தறி ஊர்கள். காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, விலையும் குறைவு என்பதால் நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணங்களுக்கு ஆரணிப் பட்டு தோதானது. புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

அசல் ஜரிகையின் அமைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கறுப்பின் ரகசியம் அதற்குள்தான் இருக்கிறது. நடுவில் பட்டு நூல். அதன் மேல் மயிரிழையாக இழுத்துப் பட்டையடித்த வெள்ளிக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். வெள்ளிக்கு மேல் பொன் முலாம். பழைய முறையில் வெள்ளிக் கட்டியின் மேல் பொன் தகட்டைச் சுற்றிக் காய்ச்சி ஒட்டவைத்து, அதையே துளைத்தகடுகளின் வழியாகத் திரும்பத் திரும்ப இழுப்பார்கள். கம்பி எத்தனை மெலிந்தாலும் பொன் கூடவே மெலிந்து மேலே நிற்கும். மின்சாரம் வந்த பிறகு, சுற்றி முடித்த இழையைத் தொட்டியில் முக்கி முலாம் ஏற்றுவது வழக்கமாயிற்று. கண்ணுக்குத் தங்கமாகத் தெரிவதில் தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் கிடையாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தறிகளுக்குப் பிரான்ஸின் லியோன் நகரத்து ஜரிகை கப்பலில் வந்துகொண்டிருந்தது. சூரத்துக்காரர்கள் அதோடு போட்டியிட முடியாமல் திணறினார்கள். இந்தியச் சுங்கவரி வாரியம் 1930இல் பொன் இழைத் தொழிலுக்குப் பாதுகாப்பு கொடுப்பது பற்றித் தனியாக ஓர் அறிக்கையே போட்டது. பிற்பாடு சூரத்தே இந்தியாவின் ஜரிகைத் தலைநகரானது. ஜரிகையை நெசவாளர்கள் இன்றும் கிலோவில் கேட்பதில்லை, 'மார்க்' கணக்கில் கேட்பார்கள். ஒரு மார்க் 242 கிராம். பிரான்ஸில் பொன், வெள்ளி நிறுக்கப் பயன்பட்ட பழைய மார்க்கின் எடையும் ஏறத்தாழ இதேதான்.

கறுப்பதற்கு வருவோம். பொன் கறுக்காது. ஆனால் முலாம் அவ்வளவு மெல்லிசு என்பதால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். காற்றில் உள்ள கந்தக வாயு அவற்றின் வழியே இறங்கி வெள்ளியைப் பிடிக்கிறது. வெள்ளி சல்பைடு என்ற கருமை படர்கிறது. வியர்வை, சென்ட், மடிப்பு ஓரத்தில் படும் உரசல் எல்லாம் அதற்குத் துணை. செம்பு கலந்த ஜரிகையானால் முதலில் சிவந்து, பிறகு பச்சையும் பூக்கும். பட்டுப்புடவையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வை, அந்துருண்டையை நேராகப் போடாதே, மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்று என்று பாட்டிகள் சொன்னதற்கு இவ்வளவு ரசாயனம் பின்னால் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. கறுப்பது அசல் வெள்ளிதான். பாலியெஸ்டர் படலத்தில் அலுமினிய ஆவியைப் படியவைத்து, மேலே மஞ்சள் சாயம் பூசிய பிளாஸ்டிக் ஜரிகை அப்படிக் கறுப்பதில்லை; பல தடவை துவைத்தால் வெளுக்கும், அவ்வளவுதான். பழைய பட்டுப்புடவை வாங்க வருகிற வியாபாரிக்கு இது தெரியும். கறுத்த கரையைக் கண்டால் அவர் முகம் சுளிப்பதில்லை. சுரண்டிப் பார்ப்பார், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார், எடைபோட்டு வாங்கிப் போவார். எரித்தால் வெள்ளி மிஞ்சும். பிளாஸ்டிக் ஜரிகையை எரித்தால் மிஞ்சுவது நாற்றம்தான். வீட்டுக்காரம்மாவுக்கு நஷ்டமாகத் தெரிந்த கறுப்பு, அவருக்குச் சரக்கின் சான்றிதழ்.

கலப்படத்தைச் சமாளிக்கத் தமிழக அரசு 1971இல் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அளவு தெரிந்த ஜரிகை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் வெள்ளி விலை ஏற ஏற அந்த அளவே மாறியது. பிற்காலத்தில் வந்த விகிதப்படி வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் அரை சதவீதம். செம்பு கூடினால் விலை கட்டுப்படும், நிறம் மாறும் அபாயமும் கூடும். தனியார் சந்தையில் இதற்கும் கீழே 'டெஸ்டட்', 'ஹாஃப் ஃபைன்' என்று படிப்படியாக இறங்கும் ரகங்கள். ஆரணியின் மலிவுப் புடவைகள் பெரும்பாலும் இந்தப் படிகளில்தான் நிற்கின்றன.

இனி வண்டியின் முகப்புக்கு வருவோம். குரோம் உலகத்துக்கு வந்ததே "நான் கறுக்க மாட்டேன்" என்ற வாக்குறுதியோடுதான். அதற்கு முன் கார்களின் முகப்பில் நிக்கல் முலாம் இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மங்கும். 1920களின் பிற்பகுதியில் குரோம் முலாம் கார்களுக்கு வந்ததும் அந்த வேலை போயிற்று. ஆனால் இதுவும் ஜரிகை வித்தைதான். மினுக்கின் பெரும்பகுதி அடியில் இருக்கும் நிக்கலுடையது. மேலே நிற்கும் குரோம் ஒரு மைக்ரான்கூட வராத தோல். இன்றைய பிக்கப் வண்டி எம்ப்ளத்தில் உள்ளே இருப்பது உலோகமே அல்ல, ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதன் மேல் செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கு.

அந்தத் தோலுக்கு இந்த வட்டாரம் கொடுத்த விலை பெரிது. ஆரணியிலிருந்து ஆற்காடு வழியாக ஒரு மணி நேரத்தில் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் 1970களில் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, குரோமிய உப்புகளைத் தயாரித்தது. தோல் பதனிடும் தொழிலுக்கும் முலாம் தொழிலுக்கும் அடிப்படைச் சரக்கு அவை. ஆலை போனது, இரண்டு லட்சம் டன்னுக்கு மேலான குரோமியக் கழிவு குவியலாகக் கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் மஞ்சளாக ஓடிற்று. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. கழிவு பெரும்பாலும் தோல் தொழிலின் கணக்கில் சேரும். எம்ப்ளம் செய்பவர்களை மட்டும் அதற்குக் குற்றம் சொல்ல முடியாது.

கறுப்பு நாகரிகம் இந்தச் சுற்றுச்சூழல் கவலையில் பிறந்ததல்ல, வெறும் ரசனையில் பிறந்தது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு, குரோமுக்குப் பேர்போன நிறுவனம், 2018இல் தண்டர்பேர்டு எக்ஸ் வண்டியில் குரோமைக் களைந்து கறுப்பைப் பூசியது. 2019இல் டாடா ஹாரியரின் 'டார்க்' பதிப்பு வந்தது. தொழிற்சாலையில் கிடைப்பதைத் தெருவில் செய்துகொள்வதற்கு நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியில் கறுப்பு நமக்கு அந்நியமும் அல்ல. எதிரே வருபவர் கண் கூசாதிருக்க, முகப்பு விளக்கின் நடுவில் போக்குவரத்துப் போலீஸ் ஒட்டிய கறுப்புப் பொட்டு பலருக்கு நினைவிருக்கும். புது வண்டியின் பம்பரில் கட்டும் கறுப்புக் கயிறு, குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டின் வேலையைத்தான் செய்கிறது. மின்னுவதைப் பார்த்தால் கண் படும் என்று நம்பிய ஊரில், மினுக்கையே மறைத்துவிடுவது முழுத் தீர்வு.

எப்படிக் கறுப்பாக்குவது என்பதில்தான் வாக்குவாதம். ஸ்டிக்கர் கடைக்காரர் கறுப்பு வினைல் ஒட்டச் சொல்வார். தட்டையான லோகோவுக்கு அது நிற்கும். எழுத்துகளின் வளைவுகளில், வேலூர் வெயிலுக்கு ஓரம் தூக்கிக்கொள்ளும். பெயின்டர் ஸ்பிரே அடிக்கலாம் என்பார். ஆனால் குரோமின் வழுவழுப்பில் பெயின்ட் பிடிக்காது. எமரி தாளால் உரசி, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் பூசி, அதன் மேல் அடித்தால்தான் நிற்கும். அவசரப்பட்டால் முதல் வாட்டர் வாஷிலேயே செதிலாக உதிரும். மூன்றாவது வழி, வேண்டாதபோது தோலாக உரித்துவிடக்கூடிய ரப்பர் பூச்சு. நான்காவது, எம்ப்ளத்தையே கழற்றிக் கறுப்பாக வரும் மாற்று எம்ப்ளத்தை ஒட்டுவது. சூடு காட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தால் பழையது வந்துவிடும். பழைய வண்டியானால் அதன் அடியில் வெயில் படாத பெயின்ட் எழுத்து வடிவத்திலேயே தெரியும்.

இதற்கிடையில் ஜரிகையும் வழிக்கு வந்துவிட்டது. 'ஆன்டிக் ஜரிகை' என்று, தொடக்கத்திலேயே மினுக்கைக் குறைத்து மங்கலாக்கிய இழை பட்டுக் கடைகளில் இப்போது விலைபோகிறது. பாட்டியின் புடவை கறுத்ததற்கு வருந்திய வீட்டில், பேத்தி அந்த நிறத்தைத் தேடி வாங்குகிறாள். வாங்கும்போது விசாரிக்க வேண்டியது அடியில் வெள்ளியா, செம்பா, பாலியெஸ்டரா என்பதுதான். மங்கல் மூன்றுக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும், பழைய பட்டு வாங்க வருகிறவர் தரும் விலை ஒன்றுபோல இருக்காது.

வண்டிக்கும் மறுவிற்பனைக் கணக்கு உண்டு. தவணை கட்டி முடித்ததும் வண்டியை மாற்றும் எண்ணமுள்ளவர்கள் பெயின்ட் பக்கம் போவதில்லை. உரித்து எடுக்கக்கூடிய வினைலையோ ரப்பர் பூச்சையோதான் கேட்பார்கள். வாங்க வருகிறவருக்குக் கம்பெனி குரோம் அப்படியே இருக்கிறது என்று காட்டத் தோதாக இருக்கும்.