சிறு அறையில் பிறந்த பெருமருந்து

அசாமிலும் வங்கத்திலும் காலா அசார் காய்ச்சல் ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போனது. அதன் ஒட்டுண்ணியை 1903இல் சென்னையில் சார்லஸ் டோனவன் கண்டறிந்தார். லண்டனில் மருத்துவர் லீஷ்மனும் அதே ஆண்டில் அதை அறிவித்தார்.

மருந்துதான் அகப்படவில்லை.

பின்னர் வந்த டார்ட்டார் எமெட்டிக் என்ற ஆன்டிமனி உப்பு பலன் தந்தது. ஆனால் நீண்ட நாள் ஊசி, ஓயாத வாந்தி, நோயாளிகள் துவண்டார்கள்.

கல்கத்தா கேம்ப்பெல் மருத்துவமனையில் மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆன்டிமனியைக் கைவிடவில்லை, அதன் வடிவத்தை மாற்றினார். ஆய்வுக்கூடம் ஒரு சிறு அறை. எரிவாயு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. இரவில் மண்ணெண்ணெய் விளக்குதான். கரிம ஆன்டிமனிச் சேர்மத்தை யூரியாவுடன் இணைத்து, 1920 வாக்கில் யூரியா ஸ்டிபமைனை உருவாக்கினார். 1922இல் நோயாளிகளிடம் கண்ட பலன்களை வெளியிட்டார். சிகிச்சைக் காலம் வெகுவாகக் குறைந்தது; அசாமில் எண்ணற்றோர் பிழைத்தனர்.

1929இல் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பரிசு அவருக்குக் கிடைக்காதது பெரும் குறையே.