ஆண்டு முத்திரை மட்டும் போதுமா? பி-38 கைத்துப்பாக்கிகளின் காலக்கணிப்பு

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்போரும் பட்டியலிடுவோரும் ஸ்லைடின் இடப்பக்கத்தில் உள்ள ஈரிலக்க ஆண்டையே முதற்சான்றாகக் கொள்கின்றனர். பி-38 வகைக்கு இது போதாது. ஆலைக் குறியீடு, தொடரெண், ஆய்வு முத்திரை ஆகிய மூன்றும் ஒத்துவந்தால்தான் அந்த ஆண்டை நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பி-38ஐ வால்தர், மவுசர், ஸ்பிரீவெர்க் ஆகிய மூன்று ஆலைகள் தயாரித்தன. ஆலையின் பெயரை மறைக்கக் குறியீடு பொறிப்பது போர்க்கால வழக்கம். வால்தர் 1940இல் தன் சின்னத்தை விட்டு ‘480’ என்றும், சில மாதங்களில் ‘ஏசி’ என்றும் பொறித்தது. ‘480’ பொறித்தவற்றில் ஆண்டே கிடையாது. ஆனாலும் 1940இன் சில மாதங்களுக்குள் அவற்றைத் துல்லியமாக நிறுத்திவிடலாம். ஆண்டு இல்லாவிட்டாலும் குறியீடே இங்குக் காலத்தைச் சுட்டுகிறது.

வால்தரின் தொடரெண் ஆண்டுதோறும் 1இலிருந்து தொடங்கும்; முதல் சுற்று முடிந்தபின் ஆங்கில எழுத்து ஒன்று பின்னால் சேரும். அந்த எழுத்து அகரவரிசையில் முன்னதா பின்னதா என்பதைக் கொண்டு ஆண்டின் தொடக்கமா இறுதியா என்று அறியலாம். ஆனால் எண் மட்டும் தனியே ஆண்டைச் சொல்லாது. ‘சிஒய்க்யூ’ குறியீடு கொண்ட ஸ்பிரீவெர்க்கோ ஆண்டைப் பொறிக்கவேயில்லை. அங்குத் தொடரெண்ணின் எழுத்து வரிசையே முதன்மை வழி.

ஆண்டைப் பொறித்தது ஆலையே என்பதால் அதற்கே முதன்மை வேண்டும் என்று வாதிடலாம். ஆனால் ஸ்லைடு கழற்றி மாற்றக்கூடிய உறுப்பு. ஸ்லைடு, சட்டகம், குழல் மூன்றிலும் ஒரே தொடரெண் இல்லையெனில், அந்த ஆண்டு ஸ்லைடுக்கு மட்டுமே உரியது. ஆய்வு முத்திரையில் கழுகுச் சின்னத்துக்குக் கீழுள்ள எண்ணும் உதவும்: வால்தருக்கு 359, மவுசருக்கு 135, ஸ்பிரீவெர்க்குக்கு 88. ஆயினும் எண் மாறியதாலேயே போலி என்று தீர்த்துவிடக் கூடாது. பெல்ஜியத்தின் எஃப்என் ஆலை செய்து 140 முத்திரை பெற்ற உறுப்புகளும் போரின் பிற்பகுதியில் முறையாகவே பயன்பட்டன.

மவுசரின் ‘எஸ்விடபிள்யூ’ குறியீடும் ‘45’ என்ற ஆண்டும் பொறித்த துப்பாக்கிகள் இவ்வாதத்தின் வலுவான சான்று. மவுசரின் ஓபர்ன்டார்ஃப் ஆலையை 1945 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. எஞ்சிய உறுப்புகளைக் கொண்டு உற்பத்தி 1946 வரை தொடர்ந்தது. அவ்வாறு உருவான துப்பாக்கிகள் சிலவற்றில் பழைய 135 முத்திரையும் உண்டு. ஐந்துமுனை நட்சத்திர முத்திரையே அவற்றைப் பிரித்துக்காட்டும். அதைக் கவனியாமல் ‘45’ஐ மட்டும் படிப்பவர், போருக்குப் பிந்தைய ஆயுதத்தைப் போர்க்கால ஆயுதமென்று பதிவுசெய்துவிடுவார்.

எனவே அருங்காட்சியகப் பட்டியல்களில் ‘ஸ்லைடில் உள்ள ஆண்டு’, ‘கணிக்கப்பட்ட காலம்’ என இரு தனிப் பத்திகள் வேண்டும். முதலாவதில் கண்டதையும் இரண்டாவதில் எல்லாச் சான்றுகளும் ஒத்துச் சொல்வதையும் எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கும் பட்டியலை வரலாற்று ஆவணமாக ஏற்க முடியாது.