நாலு நூல் பட்டம்

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுதான் எங்கள் ஸ்ரீரங்கத்துப் பட்டக் காற்று. தண்ணீர் வராத கொள்ளிடம் மணலில் நின்று விடுவோம். ஒரே நூல். சூத்திரம் சரியாகப் போட்டுவிட்டால் மீதி காற்றின் பாடு. மாஞ்சா தடவி அடுத்தவன் பட்டத்தை அறுப்பதுதான் வீரம். வண்டியில் போகிறவர்களின் கழுத்தையும் அது அறுக்கவே, 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடெங்கும் தடை செய்தது.

1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹாட்ஸிக்கி சகோதரர்கள் நாலு நூல் பட்டத்தை உருவாக்கினார்கள். கைக்கு ஒரு பிடி; பிடிக்கு மேலும் கீழுமாக இரண்டு நூல். நாலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். கீழ்நூல்களை இழுத்தால் பட்டம் பின்னோக்கி வரும். மேலும் கீழும் சமமானால் அந்தரத்தில் நிற்கும்.

போன ஆடியில் பேரன் ஒன்று கொண்டுவந்தான். மூன்று முறை மணலில் குத்தியது. நாலாம் முறை அசையாமல் நின்றது. அறுக்க அங்கே யாருமில்லை. எனக்கும் அந்த நினைப்பே வரவில்லை.