பெகாசஸ் (பணிப்பாய்வு மென்பொருள்)

பெகாசஸ் என்பது பெருந்தரவு சார்ந்த அறிவியல் ஆய்வுகளின் கணிப்பணிகளைத் திட்டமிட்டு நடத்தும் திறந்தமூல மென்பொருள். அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத் தகவல் அறிவியல் நிறுவனத்தில், ஈவா டீல்மன் தலைமையில் 2001 முதல் உருவாக்கப்பட்டு வருகிறது.

தேவை
பெரிய ஆய்வுகளில் ஒரு நிரலின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாகும். இவ்வாறு பிணைந்த பணிகள் ஆயிரக்கணக்கில் ஓடும். அவற்றை ஏற்கும் கணினிகளோ மாறிக்கொண்டிருக்கும்: இன்று பல்கலைக்கழகக் கணினிக் கொத்து, நாளை மீக்கணினி அல்லது மேகக் கணினி. கோப்புகளின் இருப்பிடத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், இடம் மாறும்போதெல்லாம் நிரலைத் திருத்த நேரும்.

வடிவமைப்பு
செய்ய வேண்டியதையும் செய்யும் இடத்தையும் பிரித்துவைப்பதே பெகாசஸின் அடிப்படை. எந்தப் பணிக்கு எந்தக் கோப்பு வேண்டும், எது விளையும் என்பதை மட்டுமே ஆய்வாளர் விவரிக்கிறார். கணினிகள், கோப்புகள், நிரல்கள் பற்றிய விவரங்கள் தனித்தனி அட்டவணைகளில் இருக்கும். திட்டமிடும் பகுதி இவற்றைப் பொருத்தி, இயங்கத்தக்க பணிப்பாய்வை ஆக்கும். கணினி மாறினால் அட்டவணையைத் திருத்தி மீண்டும் திட்டமிட்டால் போதும். ஆய்வின் விவரிப்பு மாறுவதில்லை.

தகவமைவு
தரவை இடம்பெயர்க்கும் பணிகளை மென்பொருளே சேர்க்கும். ஒரு பணியின் முடிவு முன்பே கணக்கிடப்பட்டிருந்தால் அப்பணியை விலக்கும். சிறு பணிகளைத் தொகுக்கும். தேவை முடிந்த கோப்புகளை அழித்து இடம் மீட்கும். பணிகளை வரிசைப்படி அனுப்புவது விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் உருவான எச்டிகாண்டர் என்னும் மென்பொருள். தோல்வியுற்ற பணி மறுபடி முயலப்படும். அப்போதும் முடியாவிட்டால், முடிந்தவற்றைக் காத்து, எஞ்சியதிலிருந்து தொடரலாம். ஒவ்வொரு பணியும் எங்கே, எந்த அளவுருக்களுடன், எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் பதிவாகிறது.

பயன்பாடு
2015 செப்டம்பர் 14 அன்று லைகோ ஆய்வகத்தின் இரு உணரிகள் முதன்முதலில் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. அதை உறுதிசெய்த, பைசிபிசி என்னும் மென்பொருள் வழியான பகுப்பாய்வைப் பெகாசஸ் நடத்தியது. இரு உணரிகளின் தரவும் ஏறத்தாழ 2,50,000 மாதிரி அலைவடிவங்களுடன் ஒப்பிடப்பட்டது. இத்தகைய குறிகை தற்செயல் இரைச்சலால் தோன்றும் வாய்ப்பு 2,03,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவு எனக் கணக்கிடப்பட்டது. தென் கலிஃபோர்னியாவின் நிலநடுக்க இடரைக் கணிக்கும் சைபர்ஷேக், வானியல் படங்களை இணைக்கும் மான்டேஜ் ஆகியவையும் பெகாசஸில் இயங்குகின்றன.

முக்கியத்துவம்
கணினி வழி வந்த முடிவைப் பிறர் சரிபார்க்க, அது பிறந்த வழி தெரிய வேண்டும். இடத்தைச் சாராத விவரிப்பும் முழுமையான ஓட்டப்பதிவும் ஒருசேர இருப்பதால், ஆய்வைச் சரிபார்ப்பதும் வேறு கணினியில் திரும்பச் செய்வதும் எளிதாகின்றன.