மக்கள் தொடர்புப் பணிக்கான ஆங்கிலம்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

ஒரு நிறுவனம் தன் செயல்களை மக்களுக்கு உண்மையாக அறிவிப்பதும், மக்கள் சொல்வதை நிறுவனத்துக்குள் கொண்டுசேர்ப்பதும் ஆகிய இருவழித் தொழிலே மக்கள் தொடர்பு. விளம்பரம் இடத்தை விலைக்கு வாங்குகிறது; மக்கள் தொடர்போ செய்தித் தகுதியால் இடம் பெறுகிறது. 1906இல் அமெரிக்காவில் நேர்ந்த ரயில் விபத்தொன்றை மறைக்காமல் எழுதி மக்கள் தொடர்பாளர் ஐவி லீ செய்தியாளர்களுக்கு வழங்கிய குறிப்பே இத்தொழிலின் முதல் செய்திக்குறிப்பாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் தோன்றியது 1958இல்.

இப்பணிக்கு வேண்டிய ஆங்கிலத்தைப் ‘பணியாங்கிலம்’ என்போம். நிறுவனத்தை முன்பின் அறியாத ஒருவர் படித்தவுடன் விளங்கிக்கொள்ளவும், ஐயம் எழுந்தால் சரிபார்க்கவும் இடம் தரும் ஆங்கிலம் என்பது அதன் வரையறை. சொல்லலங்காரமும் வெளிநாட்டு உச்சரிப்பும் இவ்வரையறைக்குள் வருவதில்லை. எனவே நாம் ஆராயும் பொருள் எல்லையுடையது. முறைப்படி கற்று முடிக்கத்தக்கது.

2. தேவையின் வகைகள்

எல்லா மக்கள் தொடர்பு அலுவலரும் ஆங்கிலத்தால் பிழைப்பவர் அல்லர். மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் அன்றாடப் பணி பெரிதும் தமிழிலேயே நடக்கிறது. தினத்தந்தி நாளிதழ் 1942இல் பிறந்த ஊர் மதுரை. இங்கே தமிழ்ச் செய்திக்குறிப்பு நன்றாக எழுதத் தெரியாதவர் இத்தொழிலில் நிலைக்க முடியாது.

ஆங்கிலம் இன்றியமையாததாவது இருமுகம் கொண்ட நிறுவனங்களில்தான். இதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சான்றாகக் கொள்ளலாம். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. 1992இல் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைச் செய்யும் அரோலேப் அதிலிருந்து கிளைத்தது. பிறநாட்டுக் கண் மருத்துவமனையினருக்கும் பயிற்சி தரும் லைகோ நிறுவனமும் அக்காலத்தில் உருவானதே. இத்தகைய நிறுவனம் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் கண் பரிசோதனை முகாம் நடக்கும் நாளைத் தமிழில் அறிவிக்க வேண்டும். அதே முகாம் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மருத்துவருக்கு ஆங்கிலத்தில் விளக்கவும் வேண்டும். செய்தி ஒன்று, கேட்போர் இருவர். கல்லூரிகள், ஏற்றுமதித் தொழில்கள், சுற்றுலா ஆகியவற்றின் தேவையும் இவ்வகையைச் சார்ந்தது.

3. இடர்ப்பாட்டின் காரணங்கள்

இப்பணிக்குரிய ஆங்கிலத்தில் எழுதும்போது நேரும் இடர்ப்பாட்டுக்கு முதற்காரணம் இலக்கணப் பிழை என்று கருதுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. செய்தியை அடுக்கும் வரிசையே முதற்காரணம். நம் தமிழ்ச் செய்திக்குறிப்பு பெரும்பாலும் தலைமை, முன்னிலை, வரவேற்புரை என்ற விழா ஒழுங்கில் நடக்கிறது. இறுதியில்தான் நடந்தது என்ன என்பது வெளிப்படுகிறது. அவையோருக்குரிய மரியாதையை முதலில் செலுத்தும் பண்பு அது, அதைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் ஆங்கிலச் செய்தியாளர் முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் ஆகியவற்றைத் தேடுகிறார். கண் முகாம் பற்றிய குறிப்பானால், எத்தனை பேருக்குக் கண்புரை கண்டறியப்பட்டது, அறுவை சிகிச்சை எப்போது என்பது அங்கே முகப்பில் நிற்க வேண்டும். தலைமை தாங்கியவர் பெயர் பின்னால் வரலாம். தமிழ் வரிசையை அப்படியே வைத்துச் சொற்களை மட்டும் ஆங்கிலமாக்கினால், பிழையில்லாத வாக்கியங்கள் கிடைக்கும், செய்தி கிடைக்காது.

வாக்கியத்துள்ளும் இதே சிக்கல் உண்டு. தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. பெயரெச்சங்களை வரிசையாகக் கோத்துப் பெயரின் முன் வைக்கிறோம். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி வினை வந்துவிட வேண்டும். நீண்ட தமிழ் வாக்கியத்தை முதலில் தமிழிலேயே மூன்றாக உடைத்துக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குச் செல்பவர் இத்தடையை எளிதில் கடக்கிறார்.

இரண்டாம் காரணம் பின்னணிக் குறைவு. ‘அழகர் ஆற்றில் இறங்கினார்’ என்றால் மதுரையில் விளக்கம் தேவையில்லை. அயலாருக்கோ அழகர் யார், அழகர்கோயில் எங்கே, தல்லாகுளத்து எதிர்சேவை என்பது என்ன, வைகையில் இறங்குவதை லட்சக்கணக்கானோர் காத்திருந்து காண்பது ஏன் என்று எல்லாமே சொல்லப்பட வேண்டும். எண்களும் அவ்வாறே: வெளிநாட்டவருக்கு எழுதும்போது 10 லட்சத்தை ஒரு மில்லியன் என்றே எழுத வேண்டும்.

மூன்றாம் காரணம் ஒலி. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை அழுத்தம் பெறும். தமிழில் அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை. அதனால் தொலைபேசியில் ‘தர்ட்டீன்’ என்பது ‘தர்ட்டி’ என்று கேட்கப்பட்டு, 13ஆம் தேதிக் கூட்டத்துக்குச் செய்தியாளர் 30ஆம் தேதி வரக்கூடும். நம் ஊர்ச்சாயலை அழிக்க வேண்டியதில்லை. அழுத்தம் விழும் இடத்தை மட்டும் கற்றால் போதும்.

4. கற்றலின் படிநிலைகள்

பேச்சிலிருந்து தொடங்கும் பயிற்சி வகுப்புகளே நகரில் மிகுதி. இப்பணிக்கு அவ்வரிசை பொருந்தாது என்பது நம் துணிபு. எழுதிய சொல்லுக்கே இங்கே பொறுப்பு மிகுதி.

முதல் நிலை இணைவாசிப்பு. மதுரையில் நிகழ்ந்த ஒரே நிகழ்ச்சியைத் தமிழ் நாளிதழிலும் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழிலும் படித்து, எது முதலில் சொல்லப்பட்டது, எது விடப்பட்டது என்று குறிக்க வேண்டும். இரண்டாம் நிலை மறுஎழுத்து: தமிழ்ச் செய்திக்குறிப்பை மூடிவைத்துவிட்டு, நினைவில் நின்ற செய்தியை ஆங்கிலத்தில் நான்கு பத்திகளில் எழுதுதல். மூடிவைப்பதே இதன் உயிர்நாடி. பார்த்து எழுதினால் தமிழ் வரிசை மீண்டும் உள்ளே வந்துவிடும். பின்னர் பெயர், தேதி, எண் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் நிலையில்தான் பேச்சு: தாமே எழுதிய குறிப்பை உரக்கப் படித்தல், அடுத்துத் தொலைபேசி, இறுதியில் பிரஸ் மீட். இங்கே முதலில் பயில வேண்டியவை மூன்று வாக்கியங்கள்: இப்போது உறுதியானது இவ்வளவு, இது இன்னும் உறுதியாகவில்லை, இத்தனை மணிக்குள் தெரிவிக்கிறேன். விபத்தோ வதந்தியோ எழும் நாளில் செய்தியாளர் முதலில் கேட்பது இவற்றைத்தான். இம்மூன்றையும் தயங்காமல் சொல்லக்கூடிய நிலையை எட்டிய பின்னரே விருந்தினர் உபசரிப்பு, மேடை அறிமுகம் போன்ற எஞ்சிய பயிற்சிகளுக்குச் செல்லலாம்.