பழவேற்காட்டில் காணத்தக்கன

தொண்டை நாட்டின் கடற்கரையிலே, பொன்னேரிக்கு வடகிழக்கில், உவர்நீரேரி கடலொடு கலக்குமிடத்து அமைந்தது பழவேற்காடு. வேல மரம் செறிந்த பழங்காடு என்பது பெயர்ப்பொருள் என்ப. ஆளுடைய பிள்ளையார் பாடல்பெற்ற திருவேற்காட்டின் பெயரும் இத்தகையதே. ஏரியைச் சூழ்ந்த குப்பங்களின் மீனவர், இன்ன நாளில் இன்ன துறையில் இன்னார் வலையிடுக என வகுத்துக்கொண்ட பழைய முறை 'பாடு' எனப்படும்.

விசயநகர வேந்தர் காலத்தே இது பெருந்துறைமுகமாய் விளங்கிற்று. 1613-இல் ஒல்லாந்தர் ஈண்டுக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். ஆடைகளைக் கொண்டனர், வெடிமருந்து செய்தனர், மக்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினர். அக்கோட்டை இன்று முட்புதர் மண்டிய மேடு. அவர்தம் இடுகாடு மட்டும் தொல்பொருட்டுறையின் காவலில் நிலைபெற்றுள்ளது. அதன் வாயிலின் இருமருங்கும் எலும்புக்கூட்டுருவங்கள் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. நிலையாமையைச் சொல்லாமற் சொல்வன அவை. பள்ளிவாசலில் உள்ள நிழற்கடிகையும் காணத்தக்கது.

இவற்றினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. அது கண்ணாற் காணப்படுவதன்று. 1632 முதற் பத்தாண்டுகள் இக்கோட்டையிற் சமயகுருவாயிருந்த ஆபிரகாம் ரொகேரியுசு என்பார், பதுமநாபர் என்னும் அந்தணரிடம் நம் நாட்டுச் சமய ஒழுக்கங்களைக் கேட்டறிந்து ஒரு நூல் இயற்றினார். அவர் மறைந்தபின், 1651-இல், லெய்டன் நகரில் அது வெளிவந்தது. பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் அதன்கண் ஒல்லாந்த மொழியிற் பெயர்க்கப்பட்டுள்ளன. சிருங்கார சதகம் விடுக்கப்பட்டது. வடநூலொன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறியது இதுவே முதன்முறை என்பர் ஆராய்ச்சியாளர்.

பர்த்ருஹரியே பட்டினத்தடிகளின் மாணாக்கராகிய பத்திரகிரியார் என்பது நம்மவருள் வழங்கும் செவிவழக்கு. காலவரிசை அதற்கு இயையாது; பட்டினத்தடிகள் பல நூற்றாண்டு பிற்பட்டவர். ஆயினும் வைராக்கியமும் சிவபத்தியும் இருவர்க்கும் பொது. பொருளீட்ட வந்தார் கோட்டையினின்று பொருளின் நிலையாமை கூறும் நூலே மேல்நாடு சென்றது. கோட்டை அழிந்தது, நூல் அழிந்திலது.

இவ்வூரிற் செம்புரைக்கல்லால் இயன்ற சமயீசுவரர் திருக்கோயிலும் உளது. கல்லிடுக்குகளிற் செடிகள் வேரூன்ற, அது நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. அயலார் கல்லறைகளைக் காணப் பலர் செல்கின்றனர்; செல்லுதல் தவறன்று. மாண்டார் பெயர் பொறித்த கல்லுக்குக் காவல் உண்டாயின், மாளாதான் கோயிற் கல்லுக்கு வேண்டாவோ? திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தியது நாம் கண்டு வணங்குதற்கு மட்டுமன்று. பழவேற்காடு செல்லும் அன்பர்கள் இப்பெருமானையும் வழிபட்டு, தம்மால் இயன்ற திருப்பணி புரிவாராக.